வெள்ளிமலையில் இளைத்த நாலு கிலோ

கள்ளக்குறிச்சி,
9-11-1987

மூங்கில்துறைப்பட்டு மச்சான் கொளஞ்சியப்பன் அவர்களுக்கு, புளி மண்டி ராமசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் சுகம். அங்கே நீங்களும் கரும்பும் சுகமென்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான்: வெள்ளிமலையில் பெண்களின் உடல்நலத்தை ஆராய வந்த டாக்டரம்மாவுக்கு என் தராசைத் தானமாகக் கொடுத்தேன். ஆராய்ச்சி கெட்டுப்போனது.

மலைப் பெண்கள் பிரசவத்தில் ஏன் இத்தனை பேர் போய்ச் சேருகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் செந்தமிழ்ச்செல்வி டாக்டர் வந்தார். இட ஒதுக்கீட்டு மறியலில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டதால் சேலத்திலிருந்து அவருடைய எடை மிஷின் வரவில்லை, நம் லாரியும் ஓடவில்லை, மலை குடோனில் நாம் வாங்கும் புளி மூட்டையை நிறுக்கிற மேடைத் தராசு சும்மா கிடக்கிறதே, கொடுத்தால் பேரும் ஆச்சு புண்ணியமும் ஆச்சு என்று "உபயம்: ராமசாமி" என்று பெயின்ட் அடித்தே கொடுத்தேன். நூற்றிருபது பேர் ஏறி நின்றார்கள். ஒருத்தியும் நாற்பது கிலோவைத் தாண்டவில்லை. டாக்டரம்மா கண் கலங்கி அறிக்கை எழுதி, மறியல் முடிந்ததும் மெட்ராசுக்குப் புறப்பட்டவர், சின்னசேலம் ஸ்டேஷனில் காசு போட்டால் எடைச் சீட்டு தரும் மிஷினில் பொழுதுபோகாமல் ஏறியிருக்கிறார். ஐம்பத்தெட்டு. முந்தின நாள் என் தராசில் ஐம்பத்துநாலு. ரயிலை விட்டுவிட்டு மலைக்கே திரும்பிவிட்டார்.

நான் போனபோது தராசைச் சுற்றிக் கூட்டம்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்றார் டாக்டரம்மா.

எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி இருசம்மாள் சிரித்தாள். "தெரியாமயா? எங்க புளியே அதுல ஏறுனா நாலு கிலோ இளைச்சிப் பூடும். நாங்க இளைக்க மாட்டமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க இன்னா புளியா வாங்கப் போறீங்க? கம்மியா காட்டுனா மாத்திர ஜாஸ்தி தருவீங்கன்னு பாத்துக்கினு இருந்தோம்."

என் முகம் போன போக்கை எழுத்தில் போட முடியாது. ஆனால் டாக்டரம்மா ரத்தமும் சோதித்திருந்தார். "எடைதான் பொய்ங்க. சோகை நிஜம்," என்றார். நாலில் மூன்று பேருக்கு ரத்தம் பற்றாது. இருசம்மாளுக்கு ரொம்பவே கம்மி. அப்போதே, யாரும் கேட்காமலே, மனசு இளகி, ஆராய்ச்சிக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை நம் ஜீப்பில் இருசம்மாளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து, ரத்தம் ஏற்றி, சுகப்பிரசவம். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ, சேலத்திலிருந்து வந்த மிஷினில்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

தங்கள்,
ராமசாமி

பி.கு.: "யாரும் கேட்காமலே" என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும், உங்கள் தங்கச்சி கடிதத்தைப் பார்த்துவிட்டாள். இனியும் நமக்கே புளி போட வேண்டுமென்றால் என்று இருசம்மாள் போட்ட நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு ஆராய்ச்சிச் செலவும் மாத்திரையும் என்னுடையது. பிரசவம் என்றால் எந்த நேரமும் ஜீப் வரணும். புளியை இனி அவர்கள் ஏறி நிற்கிற மிஷினில்தான் நிறுக்கணும். பழைய தராசு டாக்டரம்மா வாசலிலேயே இருக்கும், என் பேர் அழியாமல்.