புறணித் தடைச் சட்டம்

முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் பெஞ்சு கிளார்க்காக இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் எங்கள் தேவாலய சபைச் செயலர் பதவிக்கு நிற்பதென்று தீர்மானித்தேன். ஒரே இடைஞ்சல் என் மனைவி தங்கபாயின் வாய். எங்கள் ஊர் திருவட்டாற்றில் யார் தும்மினாலும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். இந்த லட்சணத்தில் யார் எனக்கு ஓட்டுப் போடுவார்கள்?

திங்கட்கிழமை காலை சட்டம் போட்டேன். இந்த வீட்டில் இனி யாரும் யாரைப் பற்றியும் புறணி பேசக் கூடாது. மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டே தங்கபாய் ஒப்புக்கொண்டாள். எதிர்ப்பே இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

மறுநாள் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். பக்கத்து வீட்டு ஷைஜுவைப் பற்றி ஒரு சங்கதி. அது புறணியா, வெறும் விவரமா என்று பிடிபடவில்லையாம்.

"நீங்க கேட்டுப் பாத்துத் தீர்ப்பு சொல்லுங்க."

கேட்காமல் எப்படித் தீர்ப்பு சொல்வது? கேட்டேன். ஷைஜு கல்ஃபிலிருந்து வந்திருப்பது லீவில் இல்லையாம், வேலை போய்விட்டதாம். புறணிதான் என்று தீர்ப்பளித்தேன். அதற்குள் அவள் முழுசும் சொல்லி முடித்திருந்தாள். புதன்கிழமை மூன்று வழக்கு. வியாழக்கிழமை ஏழு. ஒன்றில் நானே குறுக்கு விசாரணை செய்து, மாமியார்க்காரி அப்போது எங்கே இருந்தாள் என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போய்வந்த தங்கபாய் வாயே திறக்கவில்லை. இன்று வழக்கு இல்லையா என்று விசாரித்தேன்.

"பேச்சு பூராவும் உங்களப் பத்திதான். அது புறணியேதான், சந்தேகமே இல்ல. நான் பறய மாட்டேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன பேசினார்கள் என்று தெரியாமல் வேட்புமனு கொடுக்கவும் துணிவில்லை. மனுவுக்குக் கடைசி நாளான சனிக்கிழமை நாலரை மணிக்குச் சட்டத்தை ரத்து செய்கிறேன் என்று சரணடைந்தேன். எழுதிக் கொடுத்தால்தான் செல்லும் என்றாள். பழக்கதோஷம், என்னால் சுருக்கமாக எழுத முடியாது. முகவுரை, நான்கு பிரிவு, தேதி, கையெழுத்து. நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உங்களுக்கு ஓட்டு விழாதுண்ணு சங்கத்துல பேசிக்கிட்டாவ. என்னய நிக்கச் சொன்னாவ. காலையிலயே மனு குடுத்தேன்."

நான் சட்டையைத் தேடி எழுந்தேன்.

"இருங்க. மனு வாங்குறது அஞ்சு மணியோட முடிஞ்சு போச்சு."