அறுபதாவது வீடு

"கதவைத் திறக்க மாட்டேன். நீங்க போங்க, செனியோரா," என்றாள் எடெல்மிரா, கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. அவள் தோளில் கிடந்த குழந்தை வீரிட்டு அழுதது.

இந்தப் பக்கம் நின்ற ஹெர்மினியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தேகால். பகல் பன்னிரண்டுக்குள் இந்த வீட்டின் பதில்கள் அவள் பையிலிருக்கும் தாளில் ஏறியாக வேண்டும்.

"நாப்பத்திரண்டு கேள்விதான், கண்ணு. அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்."

"செவ்வாய்க்கிழமை வந்து என் பிள்ளையை அழகு, அழகுன்னீங்க. ஒரு விரலாவது அவன் மேல வச்சீங்களா? தொடாமப் போயிட்டீங்க. அன்னியிலேருந்து தூங்கல, பால் குடிக்கல. கண்ணு பட்டுருச்சு."

எல்லையோர ஊரான இந்த எல் பாசோவில் பிறந்து வளர்ந்தவள் ஹெர்மினியா. குழந்தையைப் புகழ்ந்த வாயோடு கையும் போய்த் தொட வேண்டும், தொடாத புகழ்ச்சி பிள்ளையின் மேல் பிசினாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்கு நெருப்பு சுடும் என்பதைப் போலத் தெரிந்த விஷயம்.

ஆனால் டாக்டர் பிரெஸ்காட்டுக்கு ஒரு கையேடு இருந்தது.

'மொழி, பண்பாடு, உடல்நலம்' என்ற அவருடைய மாபெரும் ஆய்வுக்காக அவரே எழுதிய கையேடு அது. நான்காம் விதி: வீட்டிலுள்ள குழந்தையைப் புகழ்ந்து உரையாடலைத் தொடங்குக. ஏழாம் விதி: வீட்டிலுள்ள எவரையும் தொடலாகாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாற்பத்திரண்டு கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை.

மற்ற வீடுகளில், டாக்டர் பேனாவைத் தேடுகிற சமயம் பார்த்து ஹெர்மினியா பிள்ளைகளை ஒரு தடவு தடவிவிடுவாள். செவ்வாய்க்கிழமை டாக்டர் பேனாவைத் தேடவில்லை. போதாக்குறைக்கு, "ஆகா, எழில் கொஞ்சும் மழலை!" என்று தானும் ஒரு வாய் புகழ்ந்தார். முதல் கேள்விக்கு முன்பே பிள்ளை அலற ஆரம்பித்தது. கதவு சாத்தப்பட்டது.

அறுபது வீடு முடிந்தால் ஆய்வு இன்னும் இரண்டு வருடம் நீளும். நிதி தரும் பெரிய மனிதர்கள் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் காத்திருப்பார்கள். ஐம்பத்தொன்பதில் நின்றால் ஆய்வு இன்றோடு சரி. டாக்டர் திரும்பிப் போய்ப் பாடம் நடத்துவார். ஹெர்மினியா திரும்பிப் போக டோர்ட்டியா ரொட்டி சுடும் ஆலையின் அடுப்பு வரிசைதான் இருந்தது. ஆறு வருடம் அங்கே வெந்தவள் அவள். முழங்கைத் தழும்பு இன்னும் மறையவில்லை.

"நான் இப்பத் தொட்டுர்றேன்," என்றாள் கெஞ்சலாக. "பிள்ளைக்குத்தானே நல்லது? அதுக்காவது திற."

எடெல்மிரா யோசித்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. ஹெர்மினியா கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் நெற்றி, கன்னம், உள்ளங்கால் எல்லாவற்றையும் தொட்டாள். குழந்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு முன்னிலும் பலமாகக் கத்தியது.

"அப்போ நீங்க இல்ல," என்றாள் எடெல்மிரா. "அவருதான்."

இருவரும் தெருமுனையைப் பார்த்தார்கள். அங்கே மெஸ்கீட் மரத்தடியில் நின்ற காருக்குள் டாக்டர் பிரெஸ்காட் நிமிர்ந்து உட்கார்ந்து கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆறடி மூன்றங்குலம். ஒல்லி. மெழுகுவர்த்தி நிறம். மாட்ரிட்டில் மூன்று ஆண்டு படித்த அவருடைய ஸ்பானியம் சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் வரும். கேள்விகளை அவரே கேட்பார். ஹெர்மினியா அதை மனிதர் மொழியில் திருப்பிச் சொல்லி, பதிலை எழுதிக்கொள்வாள். நோயின் பெயரை மென்குரலில் உச்சரிக்க வேண்டும், பின்பு எதிரே இருப்பவரின் கண்களை ஐந்து எண்ணும் வரை நோக்க வேண்டும் என்பது பதினோராம் விதி. அப்படி நோக்கும்போது அந்தத் தெருவே இளகிவிடும். தலையணை போட்ட நாற்காலி கொடுப்பார்கள். குரலைத் தாழ்த்துவார்கள். கிளம்பும்போது மூடி போட்ட கிண்ணத்தில் கோழிச் சாறு கொடுத்தனுப்புவார்கள். டாக்டர் ஒன்றையும் தொடமாட்டார். எந்த வீட்டிலும் உண்ணலாகாது, பருகலாகாது என்பது ஒன்பதாம் விதி. பின்சீட்டில் எப்போதும் நாலைந்து கிண்ணம் தளும்பிக்கொண்டிருக்கும்.

"காண்கிறாயா ஹெர்மினியா, இம்மக்கள் என்பால் கொண்ட மதிப்பை!" என்பார்.

மதிப்பு மட்டுமா? பதில்கள்! ஐம்பத்தொன்பது வீட்டிலும் எல்லாருக்கும் எல்லா நோயும் வந்திருந்தது, எல்லாருக்கும் போயும்விட்டிருந்தது. ஒருமுறை ஹெர்மினியா கேட்டுவிட்டாள்.

"டாக்டர், பத்தொம்பது வயசுப் பொண்ணு, பக்கவாதம் வந்து ஒரே வாரத்துல போச்சுங்கிறா. எழுதவா?"

"கூறியவாறே எழுதுக. பன்னிரண்டாம் விதி."

அதிலிருந்து ஒரு கோட்பாடு பிறந்தது. இந்த மக்களின் மொழியிலேயே நோயை விரட்டும் கதகதப்பு இருக்கிறது என்று டாக்டர் நூற்றெண்பது பக்கம் எழுதி முடித்துவிட்டார். அறுபதாவது வீடுதான் பாக்கி.

ஹெர்மினியா காரின் கண்ணாடியைத் தட்டினாள். "டாக்டர், வந்து அந்தப் பிள்ளையைத் தொடுங்க."

"ஏழாம் விதி!"

"தொடலேன்னா அறுபது இல்ல."

டாக்டரின் முகத்தில் ஏழாம் விதியும் அறுபதும் கட்டிப் புரண்டன. முடிவில் அவர் ஒரு சமரசத்தோடு இறங்கினார். இரண்டு கைகளிலும் வெள்ளை ரப்பர் உறை.

பத்தே முக்காலுக்கு அவர் எடெல்மிராவின் கூடத்தில் குனிந்து, உறையணிந்த ஒற்றை விரலால் பிள்ளையின் மூக்கைத் தொட்டார். ரப்பர் வாடை பட்டதும் பிள்ளை நீலம் பாய்ந்து அலறியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எடெல்மிரா உறையையும் டாக்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டடி பின்வாங்கினாள்.

"டோன்யா கசில்டாவைக் கூப்பிடுறேன்," என்றாள்.

டோன்யா கசில்டா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். இப்போது தெருவில் யாருக்குக் கண் பட்டாலும் முட்டை சுற்றிக் கழிப்பது அவள்தான். பேருந்தில் பழகிய அதட்டலோடு உள்ளே வந்தாள்.

"எல்லாரும் உட்காருங்க. நகரக் கூடாது. முட்டை எங்க? ஒண்ணுதான் இருக்கா? போதும்."

முட்டையைப் பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை உருட்டிக்கொண்டே மூன்று தடவை விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். நடுவில் அறுபடக் கூடாது. முதல் தடவை முடிந்தது. பிள்ளையின் கத்தல் சற்றே இறங்கியது. ஹெர்மினியா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று ஐந்து.

"தாங்கள் முட்டையை வலப்புறமிருந்து தொடங்குவதன் காரணம் யாதோ?" என்றார் டாக்டர்.

கசில்டா நிறுத்தினாள். பிள்ளை தொடங்கியது.

"என்ன கேட்கிறாரு?"

"ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க," என்று ஹெர்மினியா டாக்டரின் காலை மிதித்தாள்.

மறுபடி முதலிலிருந்து. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பாதி. பதினொன்று இருபது. டாக்டர் பேசவில்லை, காலை மிதித்ததில் பலன் இருந்தது. ஆனால் ஒலிப்பதிவுக் கருவியைக் கசில்டாவின் வாயருகே நீட்டினார். நீண்ட கை. அதைவிட நீண்ட முழங்கை.

முட்டை விழுந்தது. தரையில் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஹெர்மினியாவின் மடியில் விரித்திருந்த கேள்வித்தாளில் விழுந்தது. மஞ்சள் கரு முதல் ஏழு கேள்விகளை மெல்ல மூடியது.

"சேசு மரியே!" என்றாள் எடெல்மிரா.

"வேற முட்டை?" என்றாள் ஹெர்மினியா.

"இல்ல. போதும். எல்லாரும் வெளியே போங்க!"

ஹெர்மினியாவுக்கு முழங்கைத் தழும்பு காந்தியது. அவள் எழுந்து டாக்டருக்கு நேரே நின்றாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரை அதட்டினாள்.

"உறையைக் கழட்டுங்க."

"ஹெர்மினியா! ஐம்பத்தொன்பது இல்லங்களில் நான் எவரையும் தீண்டியதில்லை. அறுபதாவதில் தீண்டினால் ஆய்வின் தூய்மை..."

"தூய்மையைக் கொண்டுபோய்ப் பின்சீட்டுல சாறோட வையுங்க. மணி பதினொண்ணரை. கழட்டுங்க!"

அவர் கழற்றினார். உறைக்குள்ளிருந்து வெளுத்த, வேர்த்த, நடுங்குகிற விரல்கள் வெளியே வந்தன. அவற்றைப் பார்த்ததும் எடெல்மிராவின் கோபம் இறங்கியது. எடெல்மிரா பிள்ளையை இறுக்கிக்கொண்டு கசில்டாவிடம் ஏதோ காதோடு கேட்டாள். கசில்டா டாக்டரை மேலும் கீழும் அளந்தாள். பிறகு கண்ணை மூடித் திறந்து, "ஒட்டாது. குடு," என்றாள்.

எடெல்மிரா பிள்ளையை டாக்டரின் கையில் வைத்தாள்.

டாக்டர் பிரெஸ்காட் வாழ்நாளில் ஒரு குழந்தையைத் தூக்கியதில்லை. பெரிய அகராதியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்து, பிறகு தடுமாறி மார்போடு சாய்த்துக்கொண்டார். குழந்தை அவர் சட்டைப் பொத்தான் ஒன்றை வாயில் வைத்துச் சப்பியது. அழுகை நின்றது. இரண்டு நிமிடத்தில் அவர் தோளிலேயே தூங்கிப்போய், தூக்கத்திலேயே அவர் சட்டையை நனைத்தது.

டாக்டர் அசையவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. எடெல்மிரா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள்.

"கேளுங்க, டாக்டர் ஐயா," என்றாள் மிக மெதுவாக. "என்ன வேணாலும் கேளுங்க."

ஹெர்மினியா புதுத் தாளை எடுத்தாள். பதினொன்று முப்பத்தெட்டு.

"தங்களுக்குச் சர்க்கரை நோய் எப்போதேனும் இருந்ததா?" ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"இருந்துச்சு. போயிருச்சு."

"இதய நோய்?"

"பெருசா வந்துச்சு. நோப்பாலே கள்ளிச் சாறு குடிச்சேன். போயே போச்சு."

"நுரையீரல் நோய்?"

"ரெண்டு தடவை. இப்பப் பாருங்க, எப்படி இருக்கேன்!" என்று இருபத்தாறு வயது எடெல்மிரா மார்பைத் தட்டிக் காட்டினாள்.

ஹெர்மினியாவின் பேனா ஓடியது. நாற்பத்திரண்டாவது கேள்வி பதினொன்று ஐம்பத்தைந்துக்கு முடிந்தது. வந்தது, போனது, நாற்பத்திரண்டும் போனது.

டாக்டர் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நனைந்த சட்டையோடு வாசலில் நின்று முழங்கினார்.

"அறுபது! ஒரு பிறழ்வும் இல்லை! ஹெர்மினியா, இம்மக்களை நான் புரிந்துகொண்டேன். உள்ளங்கை நெல்லிக்கனியெனப் புரிந்துகொண்டேன்!"

தொலைபேசியைக் காதில் வைத்தபடி, நீண்ட கால்களால் காரை நோக்கி நடந்தார். வழியில் ஒரு வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றினார். டாக்டர் கையசைத்தார்.

ஹெர்மினியா தாள்களை அடுக்கிப் பையில் வைத்தாள். அடுப்பு வரிசை இல்லை. இன்னும் இரண்டு வருடம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போது டோன்யா கசில்டா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். மற்றொரு கையில் மூடி போட்ட கிண்ணம்.

"நீயா சொல்லுவேன்னு இத்தனை நாள் நாங்க யாரும் கேட்கல, மகளே," என்றாள், காரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "பாவம், ஒவ்வொரு வியாதியா வீடு வீடாப் போய்க் கேட்கிறாரே, மனுசன் தைரியமா இருக்கட்டும்னுதான் அறுபது வீடும் பேசி வச்சு 'வந்துச்சு, போச்சு'ன்னு சொன்னோம், இப்பவாவது உண்மையைச் சொல்லு, அவருக்கு இன்னும் எத்தனை மாசம்னு கெடு குடுத்திருக்காங்க?"