மாட்டுங்காவின் சராசரி

மாட்டுங்கா,
மே 19, காலை.

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு, அத்திம்பேர் வேங்கடசுப்ரமணியன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். சான்பாடாவில் உன் அகத்தில் உன் அக்கா ருக்கு க்ஷேமமாக இருக்கிறாள் என்று கேள்வி. என் கவலையே அதுதான். ஒரு வாரம் என்று போனவள் பதினாறு நாளாகியும் திரும்பவில்லை. போன் பண்ணினால் நீ "அத்திம்பேர், ஆவாஜ் நஹி ஆ ரஹா" என்று, என் குரலே கேட்காததுபோல வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தமிழ் வாசிக்க உனக்குத் தடுமாறும் என்று தெரியும். ருக்குவையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். இரண்டாம் பக்கத்தை மட்டும் அவளிடம் காட்டாதே.

அவள் அடுக்களையில் மயங்கி விழுந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. மே மூன்றாம் தேதி, கையில் கரண்டியோடு விழுந்தாள். டாக்டர் வெயில்தான் காரணம் என்றார், டாக்டர்களுக்கு ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். நீ காரோடு வந்து, "அக்காவைக் கொன்னுடுவேள் போலிருக்கே அத்திம்பேர், ஒரு ஏசி வாங்கிப் போட்டா என்ன?" என்று மாடிப்படியில் நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டு அவளை அழைத்துப்போனாய். நான் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன். பேப்பரில் போடுகிறான், நாட்டின் ஆண்டு சராசரி வெப்பநிலை நூறு வருஷத்தில் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறியிருக்கிறதாம். ஏறட்டும். ஒரு டிகிரிக்கு யாராவது கரண்டியோடு விழுவார்களா? அதுவும் நாட்டின் சராசரிதான் ஏறியிருக்கிறது, மாட்டுங்காவின் சராசரி ஏறவில்லை. அதற்கு என்னிடம் முப்பத்தாறு நோட்டு அத்தாட்சி இருக்கிறது.

1989 ஜனவரியில் தாதரில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, அடுக்களை ஜன்னலுக்கு வெளியே நிழல் பார்த்து மாட்டினேன். தினமும் மத்தியானம் இரண்டரைக்கு அதைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருந்ததால் அந்தப் பொறுப்பை ருக்குவிடம் கொடுத்தேன். ரிடையர் ஆன பிறகும் அவளிடமே விட்டுவைத்தேன், ஏனென்றால் இரண்டரைக்கு நான் கண்ணயர்வது வழக்கம். ஆரம்பத்தில் அவளுக்குக் கவனம் போதவில்லை. தொண்ணூறாம் வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் முப்பத்தேழு என்று எழுதியிருந்தாள். அதே தேதிக்கு முந்தின வருஷம் முப்பத்துமூன்று! "கண்ணைத் துடைச்சுண்டு பாரு" என்று சொல்லி, சிவப்பு மசியில் நானே திருத்தினேன். அதற்கப்புறம் அவள் ஒரு தப்புக்கூடப் பண்ணவில்லை. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் உட்கார்ந்து வருஷ சராசரி போடுகிறேன், முப்பத்தொன்று புள்ளி நாலு. அந்த நாலு முப்பத்துநாலு வருஷமாக அஞ்சாகவில்லை சாய்நாத். முறையாகப் பதிவு செய்தால் இப்படித்தான் வரும். பேப்பர்காரனுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

நீ அனுப்பிய ஏசி மெஷினைத் திருப்பி அனுப்பியதில் உனக்கு வருத்தம் என்று உன் அகத்துக்காரி வந்தனா சொன்னாள். இரண்டு பேர் அதை இரண்டாம் மாடிவரை தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே உட்காரவைத்து எண்பத்தொன்பதாம் வருஷ நோட்டையும் போன வருஷ நோட்டையும் காட்டி, ஒரே எண், பார்த்துக்கொள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். பெரியவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், தோடா பானி மிலேகா?" என்றான். கொடுத்தேன். ஆறு கிளாஸ் குடித்தார்கள். அவர்கள் போன பிறகு எனக்கும் லேசாகத் தலை சுற்றியது. அது முந்தின நாள் மோர். அதையும் சொல்கிறேன், இந்தப் பதினாறு நாளில் பால் நாலு தடவை திரிந்துவிட்டது, தோசைமாவு காலையில் கரைத்தது மத்தியானமே பொங்கி மேடையெல்லாம் வழிந்தது, சாம்பார் கொதிப்பதற்குள் மூன்று தடவை ஹாலுக்கு ஓடிவந்து ஃபேனுக்கு அடியில் நின்றேன். எல்லாம் பழக்கமில்லாததால்தான். மூணாவது மாடி ரஞ்சனா எட்டிப்பார்த்து, "அங்கிள், ஆன்டி இதுக்குள்ள எப்படி இருந்தாங்க?" என்று கேட்டாள். அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகையால், வர வெள்ளிக்கிழமைக்குள் உன் அக்காவைக் கொண்டுவந்து விட வேண்டியது. அத்தாட்சிக்காக நோட்டிலிருந்து சில பக்கங்களைப் பிரதி எடுத்து இத்துடன் வைக்கிறேன். உனக்கும் வந்தனாவுக்கும் குழந்தைகளுக்கும் தீர்க்காயுசும் நிறைந்த ஐஸ்வரியமும் உண்டாகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

அத்திம்பேர்
வேங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு (சாயங்காலம்): மேலே உள்ளதில் ஆசீர்வாதம் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

பிரதி எடுக்க இரண்டு நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். எனக்கு எண்கள்தான் கண்ணில் படும், ஓரத்துக் குறிப்புகளை வாசித்ததில்லை. இன்று வாசித்தேன். 1989 ஜூலை 12: முப்பது டிகிரி, நகுலுக்கு அம்மை. அப்போது நகுலுக்கு ஆறு வயசு, சரி. 2014 ஜூலை 12: முப்பது டிகிரி, நகுலுக்கு அம்மை. அந்த வருஷம் என் பிள்ளை டொரண்டோவில் முப்பத்தொரு வயசு இன்ஜினியர். மற்ற நோட்டுகளையும் எடுத்தேன். எல்லாம் எண்பத்தொன்பது. முப்பத்துநாலு வருஷமாக இந்த வீட்டில் எண்பத்தொன்பதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

வந்தனா போனுக்கு அடித்து ருக்குவைக் கூப்பிடச் சொன்னேன்.

"காப்பி அடிச்சியா?"

"ஆமா. சரியா எழுதினப்போ சிவப்புல அடிச்சேள். வேகறதுன்னு சொன்னப்போ நோட்டைக் காட்டினேள். நோட்டுல இருக்கிறதைத்தானே நம்பினேள், அதையே எழுதிக் குடுத்தேன். அவசரத்துல அம்மையும் சேர்ந்து வந்துடுத்து போலிருக்கு."

சாய்நாத், இன்று இரண்டரைக்கு முதல் தடவையாக நானே போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டு. உள்ளே அடுப்பு எரியும்போது என்ன இருக்கும் என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. சராசரி ஒரு டிகிரி என்றால் எல்லார் தலையிலும் ஒரே டிகிரி இல்லை, எங்கேயோ ஒரு அடுக்களையில் ஐந்தும் ஆறுமாக விழும் என்று, அதைச் சொல்லிச் சம்பளம் வாங்கினவனுக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருக்கிறது. மறுபடி போன் பண்ணி அவளிடம் முப்பத்தெட்டு என்று சொன்னேன். "இன்னிக்குக் கொஞ்சம் தேவலை" என்றாள்.

எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

"சராசரி எறங்கட்டும், வரேன்" என்றாள்.

அது இறங்காது. ஒரு வருஷம் தப்பித்தவறிக் குறையும், அடுத்த வருஷம் சேர்த்து ஏறும்; என் ஆயுசுக்குள் இறங்காது என்று கணக்குப் போடத் தெரிந்த எனக்குத் தெரியும். அந்த மெஷினை மறுபடி அனுப்பு, நானே கீழே இறங்கி ஒரு பக்கம் பிடிக்கிறேன். அதை மாட்டினால் வருவாளா என்று நீயே கேட்டுச் சொல். நான் கேட்டால், பதிலை எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன் என்று நினைப்பாள்.