ஒண்ணுக்கு டாக்டரின் எதிர்க் கிரிவலம்

அண்ணாமலையாரிடம் அழுது புரண்டால் எந்த வரத்தையும் வாங்கிவிடலாம். ஒண்ணுக்கு டாக்டரிடம் குழந்தைக்கு ஓர் ஊசி மட்டும் வாங்கவே முடியாது. சந்தேகம் இருந்தால் நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள், அசிங்கப்பட்டுத் திரும்புவீர்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. செங்கம் ரோட்டுக் கிளினிக் வாசலில் போர்டாகவே தொங்குகிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏறி "ஒண்ணுக்கு டாக்டர்" என்றால் போதும், வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். குழந்தையோடு யார் நுழைந்தாலும் 'வாங்க, உக்காருங்க' என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. எடுத்த எடுப்பில், தெருக்கோடி வரை கேட்கும் குரலில், "ஒண்ணுக்குப் போச்சா? கடைசியா எப்போ?" என்பார்.

ஒருநாள் கட்சிக்காரர் ஒருவர், மொடமொடவென்ற வெள்ளைச் சட்டையில், பேரனைத் தூக்கிக்கொண்டு வரிசையைத் தாண்டி உள்ளே போனார். "ஊசியப் போட்டு அனுப்புங்க டாக்டர். நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியல. கொழந்த ஒண்ணுக்குப் போச்சா, அது தெரியுமா உங்களுக்கு?"

பாவம், அவருக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் மருமகளுக்குப் போன் போட்டு, "ஏம்மா, தம்பி எப்போம்மா ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டார். மருமகள் என்ன சொன்னாளோ, மனிதர் அசட்டுச் சிரிப்போடு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் அம்மா, மூக்கு ஒழுகும் பிள்ளையோடு வந்து மல்லுக்கு நின்றாள். "ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கேன். ஒரு ஊசி கூடப் போடலன்னா எப்படிங்க?"

"பஸ்சுல வந்ததுக்கு ஊசின்னா கண்டக்டருக்குத்தாம்மா போடணும். இவனுக்கு வெறும் சளி. தானா போயிடும், போ."

நானும் அவரிடம் சண்டை போட்டவள்தான். வேங்கிக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க் நான். குரல் உயர்த்தாமல் எங்கள் ஆபீசில் ஒரு ஃபைலும் நகராது. என் மகள் தாரிணிக்கு ஒரு வயதில் ஜுரம் வந்தபோது அந்தக் குரலை அவரிடமும் காட்டினேன். அவரோ எடை பார்த்து ஜுர மருந்து மட்டும் எழுதினார். தாரிணி அதற்குள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நெருப்பாக் கொதிக்குதுங்க! ஒரு ஊசி போட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"பாரும்மா. குடிக்குது, வெளையாடுது, ஒண்ணுக்குப் போவுது. ஊசி எதுக்கு? மூணு நாள் தாண்டி ஜுரம் அடிச்சா வா. துவண்டு போச்சுன்னா, குடிக்கலன்னா, அந்த நிமிஷமே ஓடி வா."

போய்யா நீயும் உன் வைத்தியமும் என்று மனதுக்குள் திட்டிவிட்டு, மூன்றாம் நாள் வேறோர் இடத்தில் அவளுக்கு ஊசி போடவைத்தேன். அன்றைக்கே ஜுரம் நின்றது. விடுவேனா? அவர் கிளினிக்குக்கே போய், "அங்க ஒரே ஊசி, பட்டுனு நின்னுடுச்சு" என்றேன். "தானா நிக்கிற அன்னிக்குப் போட்டிருக்காங்க. ஊசிக்கு நல்ல நேரம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த இருமலுக்கு அவரிடமேதான் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அந்த முறை குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். "மூச்ச எண்ணு. முழுசா ஒரு நிமிஷம்." இருபத்தெட்டு வரை எண்ணியிருப்பேன், என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டுவிட்டார். "விட்டுட்டியா? ஒண்ணுலேர்ந்து ஆரம்பி!" மறுபடி எண்ணினேன். வெளியே பெஞ்சில் இருந்த ஏழெட்டுத் தாய்மார்களும் எட்டிப் பார்த்து என்னோடு சேர்ந்து எண்ணினார்கள். முப்பத்தாறில் நிமிஷம் முடிந்தது. "வேகமா இல்ல. நெஞ்சும் உள்ள இழுக்கல. வீட்டுக்குப் போ" என்றார்.

அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆபீசில் எவர் குழந்தைக்கு உடம்புக்கு வந்தாலும் அவர்கள் கைப்பையை வைப்பதற்குள், "ஒண்ணுக்குப் போச்சா?" என்பேன். பாதி டாக்டர் ஆகிவிட்டதாகவே நினைப்பு.

போன வருஷம் சித்திரை பௌர்ணமியன்று அந்த நினைப்பில் மண் விழுந்தது. அப்போது தாரிணிக்கு இரண்டு வயது. காலையிலிருந்து வாந்தி, பேதி. ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்துக் கொடுத்தேன், குடித்ததைவிடக் கக்கியது ஜாஸ்தி. ஆனாலும் டயப்பரை மாற்றும்போதெல்லாம் கையில் தூக்கிப் பார்த்து, "நல்லா கனமா இருக்கு. ஒண்ணுக்குப் போறா, பயமில்ல" என்று தீர்ப்பு சொன்னேன். மதியம் அழுகை நின்றது. "அடங்கிட்டா, தூங்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். மூன்றரை மணிக்கு எழுப்பினால் கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். களைப்பு என்றே நினைத்தேன். எதற்கும் மாத்திரை எழுதி வாங்கலாம் என்று, ஓ.ஆர்.எஸ். பாட்டிலும் ஸ்பூனுமாக, இரண்டு தெரு தள்ளியிருந்த கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன்.

"ஒண்ணுக்கு?"

"அஞ்சு தடவை டாக்டர்!" என்றேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல.

அவர் டயப்பரைப் பிரித்துப் பார்த்தார். "இது ஒண்ணுக்கு இல்லம்மா. அத்தனையும் தண்ணியாப் போன பேதி." வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்று, மெதுவாக அடங்கியது. கண்கள் குழி விழுந்திருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். தெருக்கோடிக் குரல்காரர் மெல்லிய குரலில், "ஒடம்புல தண்ணி வத்திடுச்சு. கௌம்பு, பெரிய ஆஸ்பத்திரிக்கு" என்றார். அந்த மெல்லிய குரலைக் கேட்டதும் பாட்டிலையும் ஸ்பூனையும் அள்ளிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். ஆட்டோவுக்கு வழியில்லை. லட்சம் பேர் மேற்கே போகிறார்கள், ஆஸ்பத்திரியோ கிழக்கே. அவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குள் எதிரே இறங்கிவிட்டார்.

"சாமி, எதிர வரக் கூடாதுங்க! பாவம்!"

"எம் பாவத்த நான் பாத்துக்கறேன், வழி விடு!"

தடுப்பருகே போலீஸ்காரர் மறித்தார். "சார், இப்படிப் போக முடியாது. சுத்திக்கிட்டு வாங்க."

"பதினாலு கிலோமீட்டர் மலையச் சுத்திட்டு வரச் சொல்றியா? கொழந்த தாங்காதுய்யா!"

போலீஸ்காரர் தாரிணியின் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி விசிலை ஊதிக்கொண்டு அவரே எங்களுக்கு முன்னால் ஓடினார். நான் பக்கத்தில் ஓடியபடி ஸ்பூனால் ஊட்டினேன். "ஒரு ஸ்பூன். முழுங்கட்டும். இப்போ அடுத்தது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டம் விலகியது. யாரோ "அரோகரா" என்றார்கள். நான் அழுதுகொண்டே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில், ஊசி என்றால் எரிந்து விழும் அந்த மனிதர், "சீக்கிரம் ஊசியக் குத்தி ட்ரிப் ஏத்துங்க!" என்று கத்தினார். இரண்டு முறை நரம்பு கிடைக்கவில்லை. குத்தியபோது தாரிணி அழவுமில்லை. மூன்றாவது முறை ஏறியது. ஆறு மணி சுமாருக்கு முனகினாள், பிறகு வீறிட்டு அழுதாள், கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் படுக்கை விரிப்பு நனைந்தது.

"போயிட்டா! ஒண்ணுக்குப் போயிட்டா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கூவினேன். எனக்கு வெட்கமாகவே இல்லை.

பிறகுதான் பயம் வந்தது. "திட்டறதுன்னா திட்டிடுங்க டாக்டர்" என்றேன்.

"உன்ன எதுக்குத் திட்டணும்? இத்தன வருஷமா ஒண்ணுக்குப் போச்சானு கேட்டேன். பேதி ஆவும்போது டயப்பர நம்பாத, துணியக் கட்டிப் பாருன்னு சொன்னேனா? தப்பு என்னுதும்மா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! "அதெல்லாம் வேணாங்க. துவண்டா ஓடி வான்னு சொன்னீங்க, நான்தான் தூங்க வெச்சேன். தப்பு என்னுது."

"என்னுதுன்றேன்ல?"

"இல்லைங்க, என்னுதுதான்!"

"சண்ட போடறதுன்னா வெளிய போங்க ரெண்டு பேரும்!" என்றார் நர்ஸ். நான் வெளியே போனேன். அவர் போகவில்லை. பாட்டில் தீரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து, தாரிணியின் பாதத்தைக் கைக்குள் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மனுஷரை நான் என்னென்னவோ திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் எனக்குத் தாங்குவதில்லை.