கையில் கொடுக்காத திறப்புக் கொத்து

சிறைச்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்தச் சிறை முழுவதையும் பூட்ட வைத்தவன் நான். கைதிகளை மட்டுமல்ல, காவலர்களையும், சமையற்காரரையும், பல் பார்க்க வந்த வைத்தியரையும் சேர்த்துத்தான். (பல் வைத்தியர் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.)

யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், மொன்ட்ரியாலுக்கு வந்து சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். நீதிமன்றக் காவலராக வேண்டும் என்பது என் ஆசை. சீருடை போட்டு, நீதிபதி வரும்போது எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லலாம். வகுப்பறையோடு போன அதிகாரம் திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை. விசாரித்தபோது, முதலில் சிறையில் வேலை பழகிவிட்டு வந்தால் நல்லது என்றார்கள். பிரெஞ்சு படித்து, மூச்சிரைக்க ஓடிக் காட்டி, நாற்பத்தாறு வயதில் சிறைக்குள் போனேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ரொக்ஸ்பரோவில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் பெரிய பிழை விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிறை எனக்குப் பிடித்துப்போனது. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அங்கே எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். ஆட்கள், கரண்டிகள், சவர அலகுகள், விளக்குமாறுகள். நான் வீட்டுப் படிகளை எண்ணினால் மனைவி சறோ தலையில் அடித்துக்கொள்வாள். இங்கே அதற்குச் சம்பளம் தந்தார்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் லீஸ் என்ற பெண்மணி. என்னைவிட இளையவர், ஆனால் அவர் பார்த்தால் கதவுகளே நேராக நிற்கும். முதல் நாளே சொன்னார்: "மிஸ்யூ நடேசன், இங்கே ஆட்களுக்குப் பயப்படாதீர்கள். திறப்புக்குப் பயப்படுங்கள்." (திறப்பு என்றால் சாவி. எங்கள் ஊரில் அப்படித்தான்.) கொத்தில் பதினொரு திறப்புகள். அவை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத்தான் போகவேண்டும். மற்றவரின் விரல்கள் மூடிய பிறகுதான் விடவேண்டும். எங்கேயும் கீழே வைக்கக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், உப்பு, மிளகாய் எதையும் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். சறோ இன்னும் ஒரு படி மேலே போய், இரும்பு என்று பெயர் எடுத்த எதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தாள், வீட்டுத் திறப்பு உட்பட. பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் என் கையும் அதற்குப் பழகிவிட்டது. சிறையில் இது வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் லீஸ். நான் யோசிப்பதற்கு முன்பே அவர் கொத்தைப் பறித்துக்கொண்டுவிடுவார்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்த நேரம். லீஸ் தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டு, என்னைப் பாராமலே பின்னால் கையை நீட்டினார். பறிக்கவில்லை, நீட்டினார். என் கை அந்தக் கையை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய், கொத்தைப் பக்கத்திலிருந்த மேசையில் வைத்தது. "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி வேறு சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்த மேசையில்தான் சாப்பிட்டு முடித்த தட்டுகளை அடுக்குவார்கள்.

லீஸ் திரும்பினார். "திறப்பு?"

"வைத்தேனே."

"வைத்தீர்களா?"

மேசை துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. தட்டு வண்டி சமையலறைக்குப் போயிருந்தது. அடுத்த நிமிடம் மணி அலறியது. எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன. பார்வையாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். என்னைச் சுவரோடு நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் உதறிப் பார்த்தார்கள். (இடது காலுறையில் ஓட்டை இருந்தது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.) ரொக்ஸ்பரோ வீட்டின் ஒவ்வோர் அறையும் கண்முன் வந்து போனது.

அப்போது சமையலறையில் ஒரு கைதி விளங்காத மொழியில் கத்துகிறான் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கத்தியவர் சிவா, எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்; நான் வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்ததிலிருந்து என்னை 'மாஸ்ரர்' என்றுதான் கூப்பிடுவார். உரிமம் இல்லாமல் கார் ஓடி மறுபடியும் மறுபடியும் பிடிபட்டவர். தட்டு வண்டி தள்ளுவது அவர் வேலை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். முன்னால் இருந்த தட்டில், மிச்ச உருளைக்கிழங்குக் களியின் நடுவில், என் பதினொரு திறப்புகள்.

"மாஸ்ரர், சத்தியமா நான் தொடேல்லை! நீங்களே வந்து எடுங்கோ!"

"எடுத்துத் தாருமன், சிவா."

"உங்களுக்கென்ன விசரே? வெள்ளிக்கிழமை நான் வெளியாலை போறன். ஜெயிலுக்கை திறப்போடை நிண்டா இன்னும் ரெண்டு வருசம் போட்டுவிடுவாங்கள். அதோடை, இரும்பை ஆரும் கையிலை குடுக்கிறதே?"

பின்னால் நின்ற மேலதிகாரி கேட்டார்: "என்ன சொல்கிறான்?"

நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கடைசி வசனத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் திறப்பு எப்படி அங்கே வந்தது என்ற பழி சிவாவின் தலையில்தான் விழும். ஒரே இரும்புத்துண்டு, என் இடுப்பில் இருந்தால் உத்தியோகம், அவர் கையில் இருந்தால் இரண்டு வருடம். முழுவதையும் மொழிபெயர்த்தேன், அதே வழக்கத்தால் கொத்தை மேசையில் வைத்தது நான்தான் என்பதையும் சேர்த்து. முடித்தபோது என் வாக்குமூலமும் முடிந்திருந்தது.

மேலதிகாரி தன் அறையில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கழுவிய கொத்தை என் பக்கம் நீட்டினார். "வாங்குங்கள்."

என் வலது கை எழுந்தது. எழுந்து, அவருடைய மேசையில் ஓரிடத்தைத் தட்டிக் காட்டியது. இங்கே வையுங்கள் என்று! அதைச் செய்தது நானல்ல, கைதான். ஆனால் வேலை போவது எனக்கு.

"திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன்," என்றார் அவர். "அப்போதும் வாங்க முடியாவிட்டால், மிஸ்யூ, களஞ்சியத்துக்கே திரும்பிப் போங்கள்."

சிவா சொன்னபடி வெள்ளிக்கிழமை வெளியே போனார். வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாஸ்ரர், இனி வைக்கிற மேசையைப் பாத்து வையுங்கோ."

சனிக்கிழமை சறோவிடம் பயிற்சிக்கு உதவி கேட்டேன்.

"இரும்பைக் கையிலை குடுக்கச் சொல்லி ஆர் சட்டம் போட்டது?"

"கியூபெக் அரசாங்கம்."

"அப்ப கியூபெக் அரசாங்கத்தோடையே குடும்பம் நடத்துங்கோ."

வீட்டுக் கடனை ஞாபகப்படுத்தியதும் இறங்கி வந்தாள். நூறு தரம் என்று தீர்மானித்தோம். அவள் கொடுப்பாள், நான் வாங்குவேன். இருபதாவதில் நான் மீன் பிடிப்பதுபோல் பிடிக்கிறேன் என்றாள். முப்பத்தைந்தாவதில் அவள் வேண்டுமென்றே விரலில் அடிக்கிறாள் என்றேன். நாற்பதாவதில் அவளுடைய தமையன் எங்கள் கலியாணத்தில் நடந்துகொண்ட விதத்துக்குப் போய்விட்டோம். ஐம்பத்திரண்டாவதோடு பயிற்சி நின்றது, பேச்சும் நின்றது. ஞாயிறு மாலை தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, அவள் பேசிய முதல் வார்த்தை இது: "கையிலை குடுத்தாச் சண்டை வருமெண்டு சொன்னனானோ இல்லையோ?"

ஆனால் ஐம்பத்திரண்டு போதுமாயிருந்தது. திங்கட்கிழமை மேலதிகாரி நீட்டிய கொத்தை என் விரல்கள் மூடிக்கொண்டன. ஒரு கணம் அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரே இரும்பை இருவர் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இவ்வளவு கூச்சமான காரியம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்தான் முதலில் சிரித்தார்.

வேலை நிரந்தரமானது. நீதிமன்றத்துக்கு நான் போகவேயில்லை; ஓய்வு பெறும்வரை சிறையிலேயே எண்ணிக்கொண்டிருந்துவிட்டேன். சறோவின் கணக்கில், அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த சண்டை எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஐம்பத்திரண்டுதான். இப்போதும் மகன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், திறப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்பான்:

"அப்பா, கையிலையோ, மேசையிலையோ?"

நான் வாய் திறப்பதற்குள் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் சறோவின் குரல் வரும்:

"மேசையிலை வை, ராசா. இண்டைக்கு எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை."