மூன்று இடத்தில் வியாழக்கிழமை

நம் தீவில் ஒத்திசைவாளர் என்றொரு இனம் பெருகி வருகிறது. கண்டுபிடிப்பது எளிது. சட்டைப் பை ஒருபக்கம் தொங்கும். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஓர் ஆர்கனைசர், நாளும் வேலையும் குறித்துவைக்கும் மின்கருவி. தோளில் லேப்டாப். வாயில் ஒரே கேள்வி: "சிங்க் பண்ணிட்டீங்களா?"

டத்தோ கிராமாட்டில் இருக்கும் ஏரம்பமூர்த்தியைப் பாருங்கள். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு மேலாளர். பல் டாக்டரிடம் போவதோ, பசாரில் இறால் வாங்குவதோ, எதுவானாலும் ஆர்கனைசரில் குச்சியால் குத்தி எழுதி, அதைத் 'தொட்டில்' எனும் இணைப்புத் தாங்கியில் உட்காரவைத்து, லேப்டாப்புக்கு இறக்கி, வீட்டுப் போன் கம்பியைப் பிடுங்கி அதில் செருகி, ஆபீஸ் ஈமெயிலுக்கும் ஏற்றினால்தான் அது நடக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு வரும். அதுவரை வீட்டில் போன் கிடையாது. அவர் பசாருக்குப் போய்ச் சேரும்போது இறாலும் கிடையாது.

போன வருஷம் அம்மா தவறினார். இளைய மகன் என்பதால் கொள்ளி வைத்தவர் இவர். முதல் திவசமும் இவர் கையால்தான் நடக்க வேண்டும். சுடலையிலிருந்து வந்து குளித்த ஈரம் காயுமுன் ஆர்கனைசரில் அன்றைய தேதியைக் குத்தி, 'ஆண்டுதோறும்' என்று போட்டுவிட்டார். அழுவதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது.

"வர்ற ஞாயிறு மாமிக்குத் திதி. உங்க அண்ணன் ஐயரைக் கேட்டுச் சொன்னாரு," என்றாள் மனைவி யோகலட்சுமி.

"அந்த ஞாயிறு கழிஞ்சு ரெண்டாவது வியாழன் லா! ஆர்கனைசர் வியாழன்னு சொல்லுது. லேப்டாப் வியாழன்னு சொல்லுது. ஆபீஸ் ஈமெயிலும் வியாழன்தான். அண்ணன் ஒருத்தர். இங்க மூணு சாட்சி!"

"மூணுக்கும் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே?"

திதி நிலாவோடு நகரும். இங்கிலீஷ் தேதி நகராது. இதை யார் அவருக்குச் சொல்வது? ஞாயிறு விடியலிலேயே யோகலட்சுமி பெர்ரி ஏறி, அக்கரையில் செபராங் ஜெயாவிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குச் சமைக்கப் போய்விட்டாள். இவர் சாவகாசமாக ஆபீஸ் ஈமெயிலை இறக்கினார். முடித்துக் கம்பியைப் போனில் செருகியதும் அது அலறியது.

"டேய் மூர்த்தி! எவ்வளவு நேரமா அடிக்கிறேன், லைனே கிடைக்கல!" அண்ணன் நாகநாதன். "ஐயர் தர்ப்பையோட உட்கார்ந்திருக்காரு. இன்னொரு வீட்டுக்கும் போகணுமாம்."

"அண்ணே, வியாழன்..."

"அம்மா போனது வளர்பிறைப் பஞ்சமி. இன்னைக்குத்தான்டா பஞ்சமி. உன் மெஷினுக்குப் பஞ்சமி தெரியுமா?"

தெரியாது.

கடல் பாலத்தில் காரை எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். சட்டையைக் கழற்றி, வேட்டி கட்டி, ஐயர் முன் உட்கார்ந்தபோதும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா பேரு?" என்றார் ஐயர், மணியைப் பார்த்தபடி.

ஏரம்பமூர்த்தியின் கை, பழக்கத்தில், நெஞ்சின் இடப்பக்கம் போனது. பை இல்லை. வெறும் நெஞ்சு, உள்ளே ஏதோ அடித்துக்கொண்டிருந்தது.

"ஞானாம்பிகை," என்றார். ஒரு வருஷமாக வராத கண்ணீர், எங்கும் குறித்துவைக்காமலே வந்தது. அண்ணன் திட்ட வாயெடுத்தவர், முதுகில் கை வைத்தார்.

இரவு வீடு திரும்பியதும் ஆர்கனைசரில் தேதியைத் திருத்தித் தொட்டிலில் வைத்தார். லேப்டாப் விடவில்லை, பழைய வியாழனையே திரும்ப எழுதியது. அவர் சண்டை போடாமல் எழுந்து, சமையலறையில் தொங்கும் தமிழ்க் காலண்டரிடம் போனார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் அடுத்த திதி யாருக்கு, என்றைக்கு?

அட, கை ஏன் சட்டைப் பைக்குப் போகிறது?