வெள்ளைநார் அண்ணையும் சிவத்த தோடையும்

லண்டனில் மூன்று தமிழர் சேர்ந்து நின்றால், அதில் இரண்டு பேருக்காவது வெள்ளைநார் அண்ணை தோடம்பழத் தோல் (ஆரஞ்சுத் தோல்தான்) தின்னக் கொடுத்திருப்பார். மற்றவர் ஓடித் தப்பியவர்.

எட்மண்டன் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் அவர் மெக்கானிக், நான் டிரைவர். கன்டீனில் யாராவது தோடம்பழச் சுளையில் ஒட்டிய வெள்ளை நாரைப் பிய்த்தால் மனிதர் பாய்ந்து வருவார்.

"ஐயோ, பிய்க்காதையும்! ஹெஸ்பெரிடின் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு!"

"ஆரண்ணை அது, உங்கட மருமகளோ?" என்று கேட்டேன்.

"பகிடியை விடும். அது பிளேவனொயிட். ரத்தக் குழாய்க்கு அவ்வளவு நல்லது."

எனக்குக் கொலஸ்ட்ரோல் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து தினமும் ஒரு டப்பா நிறைய, அவர் 'சிவத்த தோடை' என்று சொல்லும் பழம் வெட்டி வந்தது. ஒரே கசப்பு. அவர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும்.

பிறகு டொக்டர் கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை தந்தார். பார்மசியில் இருந்த பிள்ளை, இதோடு கிரேப் ஃப்ரூட் கூடாது என்றாள். கிரேப் என்றால் திராட்சைதானே, எங்கள் பாஷையில் முந்திரிகைப்பழம்! இனி வீட்டுக்குள் முந்திரிகையே வரக்கூடாது என்று மனைவிக்குச் சட்டம் போட்டேன். கேக்கில் கிடந்த முந்திரிகை வற்றலைக்கூடப் பொறுக்கி எறிந்தேன். சிவத்த தோடையை மட்டும் ஒழுங்காக விழுங்கினேன்.

இரண்டு கிழமையில் தொடை இரண்டும் உளைந்து, பஸ் படி ஏற முடியவில்லை. கால் போனால் வேலையும் போச்சே என்று நடுங்கிப்போனேன். "சத்தியமா ஒரு முந்திரிகை தின்னேல்லை, பிள்ளை" என்று பார்மசியில் அழாக்குறையாகச் சொன்னேன். அவள் போனில் கிரேப் ஃப்ரூட் படத்தைக் காட்டினாள். குண்டுப் பழம், உள்ளே சிவப்பு. அட கடவுளே, என் டப்பாவில் வந்த சிவத்த தோடை!

அந்தப் பழம் குளிசையை ரத்தத்தில் கூட்டித் தசையைக் கெடுக்குமாம். டொக்டர் குளிசையை நிறுத்தி, சோதிக்க ரத்தம் எடுத்தார். விஷயம் கேள்விப்பட்ட அண்ணை, முடிவு வரும்வரை தானும் தோடம்பழம் தொடவில்லை என்று கன்டீனில் சொன்னார்கள்.

முடிவு நல்லபடி வந்தது, காலும் சரியானது. அன்று பின்னேரம் அண்ணை என் வீட்டு வாசலில் ஒரேயொரு தோடம்பழத்தோடு நின்றார்.

"இது உமக்கு ஒண்டும் செய்யாதாம். நாலு பார்மசியில கேட்டனான். நாலாவதில என்னை வெளியில கலைச்சுப்போட்டினம்." பழத்தை என் கையில் திணித்தார். "உமக்கு ஏதும் நடந்திருந்தா நான் என்ன செய்திருப்பன்?"

நக்கலடிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"உள்ள வாங்கோ அண்ணை" என்றுதான் வந்தது. கூடப் பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படிப் பயந்ததில்லை.